ஐந்து நிமிடம் பத்து வினாடி

என் தம்பிக்கு இந்தக் கட்டடத்தில் 'டாக்டர்' என்று பெயர். அவன் படித்ததென்னவோ லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குத்தான். பன்னிரண்டு மாடிக்கு ஒரே ஒரு லிஃப்ட். பதினோரு வருடமாக அவன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான். எந்த மாடியைக் கடந்தாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்து உள்ளே கயிறு ஓடும் சத்தத்தைக் கேட்பான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பட்டனைத் துடைப்பான். "என்ன, கதவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று யாரோ கேலியாகக் கேட்கப்போய்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் கீழ்த்தளத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். இன்டர்காம், பார்சல், புகார் எல்லாம் என் தலையில்தான். மேசைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகள்தான் எங்கள் வீடு. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, அது முடிந்தும் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அந்த லிஃப்ட்டில் ஏறியதில்லை. பயம், வேறென்ன? நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் போய் நிற்க என்னால் முடியாது. மேல் மாடிக்குப் பார்சல் வந்தால் லிஃப்ட்டுக்குள் வைத்து, மாடி எண்ணை அமுக்கி, கதவு மூடுவதற்குள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அப்புறம் இன்டர்காமில், "உங்க பார்சல் மேல வருது, புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிடுவேன். சில பார்சல்கள் பிடிப்பார் இல்லாமல் அரை நாள் மேலும் கீழும் போய்வந்ததும் உண்டு.

வேலைக்கு வந்த புதிதில் தம்பி கேட்பான், "அக்கா, நான் பாத்துக்குற லிஃப்ட்ல நீ ஒரு தடவை ஏறக்கூடாதா?" முழங்கால் வலி என்பேன். மேசையை விட்டு வர முடியாது என்பேன். லிஃப்ட்டில் ஏறுவதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் திருப்பிக் கேட்டதில்லை. இரண்டு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டான். நிறுத்தியதுதான் எனக்கு உறுத்தல்.

இப்படி இருக்கும்போது அவனுடைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிய மெக்கானிக்குகள் எல்லோரும் பத்து கிலோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாங்கள் வேலை பார்க்கும் கட்டடத்தின் உச்சி மாடிவரை நாலு நிமிடத்தில் படியேற வேண்டும். நியாயமான காரணம்தான். லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற மெஷின் அறைக்கு ஓட வேண்டும், மெஷின் அறை உச்சியில் இருக்கிறது, லிஃப்ட்டோ மாட்டிக்கொண்டிருக்கிறது. தேறாதவர்களைத் தலைமை அலுவலகத்தில் புகார் கேட்கும் போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் அவகாசம்.

இதைப் படித்ததும் என் தம்பி முகம் செத்துப்போனது. அவனையும் போனையும் தெரிந்தவர்களுக்குத்தான் அது புரியும். போன் அடித்தால் எடுப்பான், "ஹலோ" என்பான், அத்தோடு அவன் வேலை முடிந்தது. எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் பேச்சு வராது. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட்டில் ஏதோ சத்தம் என்று புகார் வந்தது. இவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "போனைக் கதவுல வையுங்க, நான் கேட்டுக்குறேன்" என்றிருக்கிறான். அந்த அம்மாள் இன்டர்காம் வயரை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, வயர் எட்டாமல், திரும்பிப் போய் என்மேல் தனிப் புகார் எழுதினாள்.

"அந்தப் பொந்துக்குள்ள இருந்தா எனக்கு ஒண்ணும் வேணாம் அக்கா" என்றான் அன்று. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுப் பொந்தைத்தான் சொல்கிறான். "அங்க யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. கயிறு பேசும், நான் கேட்டுக்குவேன்."

வயிறு அவனுக்கு ஓரடி முன்னால் நடக்கும். இவன் நாலு நிமிடத்தில் எங்கே ஏறப்போகிறான்? ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு படி அடியில் நின்றான். நான் மேசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது மாடிக்குப் போனதும் அங்கே சுவரில் இருக்கும் இன்டர்காமை எடுத்து மூச்சு விட வேண்டும், அந்த மூச்சு கேட்டதும் நான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பேசச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. முதல் நாள் எட்டு நிமிடம் நாற்பது வினாடி. மூச்சு வந்துகொண்டே இருந்தது. நான் போனை வைத்து, டீ போட்டுக் குடித்து, மறுபடி எடுத்தபோதும் வந்துகொண்டிருந்தது.

ஆனால் பயல் விடவில்லை. பதினைந்து நாளில் ஏழு நிமிடம். ஒரு மாதத்தில் ஆறேகால். ஆறாவது வாரம் ஐந்து நிமிடம் பத்து வினாடி. நான் சந்தோஷத்தில் ஒரு பார்சலைத் தப்பு மாடிக்கு அனுப்பினேன். இன்னும் எழுபது வினாடிதான், அடுத்த மாதமே முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

அதோடு சரி. திங்கட்கிழமை ஐந்து பத்து. செவ்வாய் ஐந்து பத்து. புதன் ஐந்து பத்து. ஐந்து பதினொன்று வந்திருந்தால்கூட நான் கைதட்டியிருப்பேன். இரண்டு வாரம் அந்த எண் அசைந்து கொடுக்கவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று வேறு கடிகாரம் வாங்கிவந்தேன். அதுவும் அதையே காட்டியது.

தம்பி முதலில் சந்தேகப்பட்டது செருப்பை. புது ஷூ வாங்கினான். ஐந்து பத்து. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். நேரம் அதேதான், கோபம் மட்டும் கூடியது. ஒரு வாரம் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையுமாகத் தின்றான்; அந்த வாரம் அவனோடு ஒரே அறையில் இருந்தவள் என்ற முறையில் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஐந்தாவது மாடியில் ஒரு பிசியோதெரபிப் பெண் இருக்கிறாள், நல்ல பெண். அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதாவது அவளைக் கீழே கூப்பிட்டேன்.

"உடம்பு பழகிடுச்சுண்ணே" என்றாள் அவள். "தினமும் ஒரே மாதிரி ஏறினா அது பாட்டுக்கு ஏறும், அதுக்கு மேல மெனக்கெடாது. மாத்திச் செய்யுங்க. ஒரு நாள் ரெண்டு மாடி வேகமா, ஒரு மாடி மெதுவா. ஒரு நாள் பாரத்தைக் கூட்டுங்க, ஒரு நாள் குறைங்க. வாரத்துல ரெண்டு நாள் கட்டாயம் ஓய்வு."

அத்தனையும் தங்கமான யோசனை. என் தம்பியிடம் சொன்னதுதான் தப்பு. ஓய்வு என்றால் படியேறக் கூடாது, சரி. பையைக் கழற்றச் சொல்லவில்லையே? ஓய்வு நாள் முழுக்கப் பத்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. வேகம், மெதுவு, மறுபடி வேகம் என்று ஏறிப் பார்த்தான். ஐந்து பத்து. பையில் பதினாலு கிலோ ஏற்றினான். ஐந்து பத்து. ஆறு கிலோவாகக் குறைத்தான். நீங்களே சொல்லுங்கள் எவ்வளவு என்று.

"பாரம் கூடினாலும் குறைஞ்சாலும் அதே நேரமா?" பிசியோப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "அக்கா, இது உடம்பு மாதிரி தெரியல எனக்கு."

"அப்ப படிதான்" என்றான் தம்பி. அவ்வளவுதான், டேப்பை எடுத்துக்கொண்டு போய் இருநூற்று நாற்பது படிகளையும் அளந்தான். எட்டாவது மாடியில் ஒரு படி மட்டும் அரை அங்குலம் குட்டை என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். அதில் நமக்கு லாபம்தானே என்று கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது ஒன்பதாவது மாடிப் பாட்டு டீச்சரின் பார்சல் காணாமல் போனது. நான் காலையில் லிஃப்ட்டில் ஏற்றிவிட்டது, வரவில்லை என்கிறார். எந்த மாடியில் யார் எடுத்தார்கள் என்று பார்க்க, காமிராப் பதிவைப் பின்னால் ஓட்டினேன். ஒவ்வொரு மாடி லிஃப்ட் வாசலிலும் ஒரு காமிரா உண்டு. என் மேசைத் திரையில் பன்னிரண்டு கட்டமாகத் தெரியும். ரொம்பப் பின்னால் ஓட்டிவிட்டேன். காலை ஆறு மணி. தம்பி ஏறுகிறான்.

முதல் மாடிக்கு வந்தான். லிஃப்ட் கதவுக்குப் போனான். காதை வைத்தான். துணியை எடுத்தான், பட்டனைத் துடைத்தான், துணியைப் பைக்குள் வைத்தான், ஓடினான். இரண்டாவது மாடி. கதவு, காது, துணி, பட்டன். மூன்றாவது மாடி. கதவு, காது, துணி, பட்டன். புதுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மாடிக்கு ஆறு வினாடி. பன்னிரண்டு மாடிக்கு எழுபத்திரண்டு. பையின் பாரம் கூடினால் கதவில் சாய்ந்து கொஞ்சம் இளைப்பாறிக்கொள்கிறான், குறைந்தால் பட்டனை இன்னும் நன்றாகத் தேய்க்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆறு வாரம் வெள்ளரிக்காய், ஷூ, டேப்! டாக்டர் என்று பெயர் வைத்துப் பதினோரு வருடமாகக் கூப்பிடுகிறது இந்தக் கட்டடம். அவன் எதற்காக டாக்டர் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை, கூடப் பிறந்த எனக்கும்தான். அவனை இழுத்துவந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். முழுவதையும் பொறுமையாகப் பார்த்தான்.

"இதுல என்ன?" என்றான்.

"என்னவா? மாடிக்கு மாடி நிக்கிறடா!"

"நிக்கல அக்கா. பாக்குறேன்."

சத்தியமாக அவன் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு விடுவதை யாராவது கணக்கு வைப்பார்களா? மறுநாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை என்று அடித்துச் சொன்னான். பதிவைப் போட்டேன். பன்னிரண்டு இடத்திலும் நின்றிருந்தான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. துணியைப் பிடுங்கி வைத்தேன். சட்டைக் கையால் துடைத்தான். காதில் பஞ்சு அடைத்தேன். உள்ளங்கையைக் கதவில் வைத்து அதிர்வைப் பார்த்தான். பாட்டு டீச்சர் ஒரு தாளம் சொல்லிக் கொடுத்தார், படிக்கு ஒரு தட்டு, நடுவில் விடக்கூடாது என்று. கதவில் காதை வைத்தபடியே தாளத்தை விடாமல் தட்டினான். கடைசியில் கட்டடத்துக்காரர்கள் சேர்ந்து மாடிக்கு ஒருவராக லிஃப்ட் கதவை மறைத்து நின்றார்கள், இரவு உடையோடும் பல் துலக்கும் பிரஷ்ஷோடும். இவன் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, கொஞ்சம் நகரச் சொல்லி, காதை வைத்துவிட்டு, நன்றியும் சொன்னான். ஏழு நிமிடம் ஐந்து வினாடி.

தேர்வுக்கு முந்தின நாள் என் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். லிஃப்ட்டையே நிறுத்திவிட்டேன். ஓடாத லிஃப்ட்டில் கேட்க என்ன இருக்கிறது? இவன் முதல் மாடியில் காதை வைத்தான், சத்தமில்லை. முகம் வெளிறியது. கதவைத் தட்டினான். இரண்டாவது மாடியில் இரண்டு முறை தட்டினான். மேலே போய் இன்டர்காமை எடுத்தபோது மூச்சு வரவில்லை, பேச்சு வந்தது: "அக்கா, என்ன ஆச்சு அதுக்கு?"

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவனே சொன்னான். "யாராவது பாத்துக்குறாங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் அக்கா நிக்கப்போறேன்? யாரு பாக்குறா?" குறையாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்று என்பதுபோலத்தான் சொன்னான். நான் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சோதிக்கிறவர் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கடிகாரம், கையில் ஃபைல். காலையிலேயே இரண்டு கட்டடம் முடித்துவிட்டாராம், இரண்டு பேரும் தேறவில்லையாம். அதை அவர் சொன்ன விதத்தில் மூன்றாவதையும் எழுதி முடித்துவிட்டது போலிருந்தது. "நான் சொன்னதும் ஏறுங்க. நான் லிஃப்ட்ல மேல போய் நிக்கிறேன். நீங்க வந்து சேர்ந்ததும் நிறுத்துவேன்."

தம்பி படி அடியில் நின்றான். என்னைப் பார்த்தான். புகார் போனுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் அவன் முகம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கால் தானாக நடந்தது, மிச்ச உடம்பு வரமாட்டேன் என்றது. சோதிக்கிறவர் லிஃப்ட்டுக்குள் நின்று கதவைப் பிடித்திருந்தார். நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க யாரு?"

"அவனோட அக்கா."

"எந்த மாடி?"

"எல்லா மாடியும்" என்று சொல்லி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பட்டனையும் அமுக்கினேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் தம்பியைப் பார்த்து "ம், ஏறுங்க" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. கதவு மூடியது. எனக்கு அந்த நிமிடமே உயிர் போய்விடும் என்று தோன்றியது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அவருடைய ஃபைலைப் பிடித்தேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை.

முதல் மாடியில் கதவு திறந்தது. தம்பி படியிலிருந்து வந்து, கதவை நோக்கித் திரும்பியவன், உள்ளே என்னைப் பார்த்துவிட்டு அப்படியே வாயைப் பிளந்தான்.

"ஒண்ணு, சரி! ஓடுடா!" என்று கத்தினேன்.

ஓடினான்.

மாடிக்கு மாடி நின்று போகிற லிஃப்ட் மனிதனைவிட ஒன்றும் வேகமில்லை என்று அன்றுதான் தெரிந்தது. நாங்கள் கதவு திறக்கவும் அவன் வந்து சேரவும் சரியாக இருந்தது. "ரெண்டு, சரி!" "மூணு, சரி!" அவன் கை பட்டனுக்கு நீளும், என் குரல் கேட்டதும் மடங்கிவிடும். ஐந்தாவது மாடியில் பிசியோப் பெண் வாசலில் நின்று கைதட்டினாள். சோதிக்கிறவர், "அம்மா, இதெல்லாம் விதியில இல்ல" என்றார். கூடாது என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்க ஃபைல் என் பிடியில் இருந்தது.

ஏழாவது மாடிக்குப் போகும்போது லிஃப்ட் குலுங்கியது. லேசாக அல்ல. தரை ஒரு விரல் அளவு சரக்கென்று இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. ஃபைலை விட்டுவிட்டு அவருடைய கையையே பிடித்துக்கொண்டேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கதவு திறந்தது. தம்பி வந்துவிட்டிருந்தான். ஓடவில்லை, மெதுவாக நடந்து வந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவனுக்குக் கேட்காமல் போகுமா?

வெளியே குதித்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, ஒரே ஒரு அடி.

"ஏழு, சரி!" என்றேன்.

ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்தான். திரும்பினான், ஓடினான். கதவு மூடியது. மேலே இன்னும் ஐந்து மாடி இருந்தன. அவற்றில் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பத்துக்குப் பதினொன்று என்று சொன்னதாகச் சோதிக்கிறவர் பிறகு சொன்னார்.

மூன்று நிமிடம் ஐம்பத்தாறு வினாடி. அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று கொஞ்சம் யோசித்து, வெறுமனே விட்டுவிட்டார். கீழே போக லிஃப்ட் பக்கம் நடந்தவர், நின்று, படிப் பக்கம் திரும்பினார்.

தம்பி பன்னிரண்டாவது மாடித் தரையில் மல்லாந்து கிடந்தான், பையைக் கழற்றாமலேயே. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏழுல குலுங்குச்சு" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆமா, குலுங்குச்சு."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"உனக்குத்தான் கேட்டுச்சே. நீ ஏன் நிக்கல?"

"நீ உள்ள இருந்துக்கிட்டு சொன்னியே" என்றான்.

பிறகு எழுந்து, லிஃப்ட்டை நிறுத்தி, 'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டு, பையோடு ஏழாவது மாடிக்கு இறங்கிப்போனான். அதனால் நான் பன்னிரண்டு மாடியும் நடந்தே இறங்க வேண்டியதாயிற்று. இறங்கிவரும் வழியெல்லாம் என் மேசையில் இன்டர்காம் அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை என்று புகார். கீழே வந்து உட்கார்ந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது. எடுத்தேன். மூச்சுச் சத்தம்.

"சொல்லுடா" என்றேன்.

"அக்கா, சரியாயிடுச்சு. ஏறிப் பாக்குறியா?"

அவன் அதைக் கேட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முழங்கால் இப்போது நிஜமாகவே வலித்தது, ஆனால் சொல்லவில்லை. போய் லிஃப்ட் பட்டனை அமுக்கினேன். அது வருவதற்குள் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கதவு திறந்ததும் ஏறினேன்.